தீட்டு இடத்தை அடைக்குமா?

(நினைவுப் பேருரையின் எழுத்து வடிவம்)



இந்த மேடையில் எனக்கு முன்னால் பேசியவர்கள் இலக்கியம் பேசினார்கள், வரலாறு பேசினார்கள். என்னை அழைக்க வந்த தோழர்களிடம், "நான் இயற்பியல் வாத்தியார். கதை, கவிதை பற்றி எனக்குப் பேச வராது" என்று சொல்லிப் பார்த்தேன். "நாம யார் நினைவுல கூடுறோமோ அவரும் இயற்பியல் வாத்தியார்தான்" என்றார்கள். அதற்குமேல் மறுக்க முடியவில்லை.

சாரிடம் நான் ஒன்பதாம் வகுப்பு படித்தேன். பருப்பொருள் என்று ஒரு பாடம் உண்டு. இடத்தை அடைத்துக்கொள்வது, நிறை உடையது எதுவோ அது பருப்பொருள். சார் ஒவ்வொருவராக எழுப்பி உதாரணம் கேட்பார். கல், காற்று, மோர், மாட்டுச் சாணி என்று சொல்லிக்கொண்டு வந்தோம். அடுத்த சுற்றில், எதெல்லாம் பருப்பொருள் இல்லை? வெளிச்சம், நிழல், கோபம். கடைசி பெஞ்சில் இருந்து எங்கள் தெருப் பையன் ஒருவன் எழுந்து, "சார், தீட்டு?" என்றான்.

வகுப்பு சிரித்தது. சார் சிரிக்கவில்லை. "இடத்தை அடைக்குமான்னு கேக்கியா, எடை இருக்குமான்னு கேக்கியா?" என்றார். பையன் கொஞ்சம் யோசித்து, "ரெண்டுந்தான் சார்" என்றான். அதற்குள் மணி அடித்துவிட்டது. அந்தப் பையன் பத்தாம் வகுப்புக்கு வரவில்லை. தீப்பெட்டி ஆபீசுக்குப் போய்விட்டான். அவன் கேட்ட கேள்வி என்னிடம் தங்கிவிட்டது. இன்றைக்கு அதைத்தான் எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் சொல்லில் இருந்து தொடங்குவோம். தமிழில் பொருள் என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நாம் எத்தனை வேலை பார்க்கிறோம் என்று கவனித்திருக்கிறீர்களா? "ரேஷன்ல பொருள் போடுறாங்களாம்" என்றால் அரிசி, பருப்பு, சீனி. "பொருள் சேத்தவன்" என்றால் சொத்துக்காரன். "பின்வரும் சொற்களுக்குப் பொருள் கூறுக" என்றால் அர்த்தம். தொல்காப்பியத்தில் எழுத்து, சொல்லுக்கு அடுத்த மூன்றாவது அதிகாரம் பொருள். அதற்குள்ளே நிலமும் பொழுதும் முதற்பொருள். தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில் எல்லாம் கருப்பொருள். மனிதர்கள் கூடுவதும் பிரிவதும் ஏங்குவதும் உரிப்பொருள். கருப்பொருள் பட்டியலில் பறை இருக்கிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். கடைசியில் அதற்குத் திரும்பி வருவேன்.

திருக்குறளின் 133 அதிகாரங்களில் 70 அதிகாரங்கள் பொருட்பால். அறத்துப்பாலும் இன்பத்துப்பாலும் சேர்ந்தால்கூட 63தான். தன் பாட்டனார் கந்தப்பன், எல்லிஸ் துரைக்குக் குறள் ஓலைச்சுவடியைக் கொடுத்தார் என்று அயோத்திதாசர் எழுதியிருக்கிறார். சுவடி என்பதும் ஒரு பருப்பொருள்தான். பனையோலை. அதைக் காப்பாற்றி வைத்திருந்த வீடு எந்தச் சேரியில் இருந்தது என்பதும் அந்தப் புத்தகத்தின் பொருளோடு சேர்ந்தது என்று அவர் நினைத்தார். 1907இல் அவர் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' பத்திரிகை முழுக்கவே சொற்களுக்கும் பண்டிகைகளுக்கும் மேலிருந்து கொடுக்கப்பட்ட பொருளை மறுத்து, வேறு பொருள் சொல்லும் வேலையைச் செய்தது. அவர் சொன்ன எல்லா விளக்கத்தையும் நான் ஒப்புக்கொள்பவன் இல்லை. ஆனால் பொருள் சொல்லும் உரிமை யாருக்கு என்று அவர் கேட்ட கேள்வியை ஒப்புக்கொள்கிறேன்.

இந்தச் சொல்லில் இன்னொரு கிளை உண்டு. அதுதான் எனக்கு முக்கியம். "என்னை ஒரு பொருட்டா மதிக்கல", "பொருட்படுத்தல" என்கிறோமே, அது. ஒரு ஆளைப் பொருட்படுத்தவில்லை என்றால், அவர் நிற்கும் இடத்தில் அவர் இல்லை என்று நடந்துகொள்வது. இயற்பியல் பாஷையில் சொன்னால், அவர் இடத்தை அடைக்கவில்லை, அவருக்கு நிறை இல்லை. பாடப்புத்தகத்தின் பருப்பொருளும் நம் வீட்டுப் பேச்சின் பொருட்டும் ஒரே வேரில் இருந்து வந்து, இப்படி எதிரெதிரே நிற்கின்றன.

(இடையில் ஒரு சின்னச் செய்தி. நம் புத்தகத்தில் நிறை என்பது ஒரு பொருளில் உள்ள பருப்பொருளின் அளவு. எடை என்பது பூமி அதை இழுக்கும் விசை. இலங்கைத் தமிழ்ப் புத்தகத்தில் முதலாவதற்குத் திணிவு என்றும் இரண்டாவதற்கு நிறை என்றும் பெயர். இரண்டு புத்தகத்தையும் சேர்த்து வைத்துப் படித்த ஒரு மாணவன் என்னிடம் வந்து சண்டை போட்டான்.)

சரி, இயற்பியல் பருப்பொருளைப் பற்றி என்னதான் சொல்கிறது?

ஒரு டம்ளர் தண்ணீரை எடுத்துக்கொள்ளுங்கள். 200 மில்லி. அதில் உள்ள மூலக்கூறுகளின் எண்ணிக்கை, ஏறத்தாழ ஏழுக்குப் பின்னால் 24 பூஜ்யம். இந்தத் தண்ணீரைத் தூத்துக்குடிக் கடலில் ஊற்றி, உலகத்துக் கடல் முழுவதும் நன்றாகக் கலக்கிவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். கடல் தண்ணீர் மொத்தத்தையும் அதே டம்ளரால் அளந்தால் ஏழுக்குப் பின்னால் 21 பூஜ்யம் டம்ளர் வரும். வகுத்துப் பாருங்கள். பிறகு உலகத்தின் எந்தக் கடற்கரையில் ஒரு டம்ளர் மொண்டாலும், நீங்கள் ஊற்றியதில் ஓர் ஆயிரம் மூலக்கூறு அதில் இருக்கும். கடல்தான் ஆவியாகி, மேகமாகி, ஐப்பசியில் நம் கண்மாய்க்கு வருகிறது. எந்த ஊர்க் கிணற்றுத் தண்ணீரும் எந்தத் தெருவையும் தொடாமல் வந்ததில்லை.

இதற்குள்ளே இன்னும் ஆழமாகப் போனால் எலக்ட்ரான். பிரபஞ்சத்தில் உள்ள எந்த இரண்டு எலக்ட்ரானையும் வேறுபடுத்திச் சொல்ல முடியாது. இது நம் கருவி போதாமையால் வந்த இயலாமை இல்லை. வேறுபடுத்த அவற்றில் எதுவுமே இல்லை. இரண்டு எலக்ட்ரான்களை இடம் மாற்றி வைத்தால், மாற்றினோம் என்பதற்கான அடையாளமே மிஞ்சாது. ஒளித்துகள்களை இப்படி வேறுபாடற்றவையாக எண்ணிக் கணக்குப் போட்டவர் சத்யேந்திரநாத் போஸ். 1924இல் டாக்காவில் வாத்தியாராக இருந்தபோது எழுதிய கட்டுரை அது. தங்கத்தில் உள்ள எலக்ட்ரானும் தோலில் உள்ள எலக்ட்ரானும் ஒன்றே. துகளுக்குப் பிறப்புச் சான்றிதழ் கிடையாது.

நிறையின் கதை இதைவிட வேடிக்கை. ஒருவர் 60 கிலோ இருக்கிறார் என்றால் அதில் அடிப்படைத் துகளான குவார்க்குகளின் சொந்த நிறை ஒரு கிலோகூடத் தேறாது. மீதிப் பெரும்பகுதி அவற்றைக் கட்டிவைத்திருக்கும் ஆற்றல். கனம் என்று நாம் நினைப்பது, துகள் தனியாகத் தன்னிடம் வைத்திருக்கும் சொத்தாக இல்லை. துகள்கள் ஒன்றோடொன்று பிணைந்திருப்பதில் இருந்து வருகிறது.

இப்போது பையன் கேள்விக்கு வருவோம். தீட்டு பருப்பொருளா? பருப்பொருள் என்றால் அதற்கு விதி இருக்க வேண்டும். எதன் வழியாகப் பாயும், எதன் வழியாகப் பாயாது என்று சொல்ல முடிய வேண்டும். வெப்பத்துக்கு விதி இருக்கிறது, மின்சாரத்துக்கு இருக்கிறது. தீட்டின் விதிகளை நான் உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன்.

கதிர் அறுத்து, களத்தில் அடித்து, தூற்றி, மூட்டை கட்டியது எங்கள் கை. அந்தக் கம்பும் சோளமும் சம்சாரி வீட்டுக் குலுக்கைக்குள் போகும். தீட்டு இல்லை. அதே கை தொட்ட செம்புத் தண்ணீர் போகாது. மண்பானையைத் தொட்டால் உடைத்துப் போட வேண்டும். பித்தளைப் பானையைத் தொட்டால் புளி போட்டு விளக்கினால் போதும். மண்பானையில் நுண்துளை உண்டு, உலோகத்தில் இல்லை, அதனால் அப்படி என்று ஒருவர் எனக்கு விளக்கம் சொன்னார். அறிவியல் மாதிரித்தான் இருந்தது. மண்பானை மலிவு, பித்தளைப் பானை விலை என்பதை அவர் சொல்லவில்லை.

கமலை இறைத்த காலத்தை நினைத்துப் பாருங்கள். கூனையின் அடியில் தொங்கும் வால் மாட்டுத்தோல். அதைப் பதப்படுத்தித் தைத்துக் கொடுத்தவர் அருந்ததியர். கிணற்றுத் தண்ணீர் ஒரு சொட்டு விடாமல் அந்தத் தோல் வழியாகத்தான் வாய்க்காலில் விழுந்தது. தைத்தவர் குடிக்கக் கேட்டால் மட்டும் தூரத்தில் நின்று கையேந்த வேண்டும். கச்சேரி மேடையில் மிருதங்கத்தின் தோலுக்கும் இதே கதைதான். அதைச் செய்யும் குடும்பங்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா 2020இல் ஒரு புத்தகமே எழுதினார்.

பாமாவின் 'கருக்கு' 1992இல் வந்தது. நம் கரிசல் பக்கம், வத்திராயிருப்புப் புதுப்பட்டியில் அவர் வளர்ந்த கதை. பள்ளிக்கூடம் விட்டு வரும் சிறுமி, தெருவில் ஒரு பெரியவர் வடைப் பொட்டலத்தைக் கையால் தொடாமல் அதைக் கட்டிய நூலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போவதைப் பார்க்கிறாள். வேடிக்கையாக இருக்கிறது, சிரிக்கிறாள். அண்ணன் காரணத்தைச் சொன்ன பிறகு சிரிப்பு நின்றுவிடுகிறது. அந்தப் பக்கத்தை நான் வகுப்பில் சொல்லும்போது பிள்ளைகளிடம் கேட்பேன்: நூல் கடத்தியா, கடத்தாப் பொருளா? செம்பு மின்சாரத்தைக் கடத்தும், நூல் கடத்தாது. அப்படியானால் தீட்டும் மின்சாரம் மாதிரி போலிருக்கிறது என்று ஒரு பிள்ளை சொல்லும். அப்போது கமலை வாலைச் சொல்வேன். தோலும் கடத்தாப் பொருளா என்று பிள்ளை குழம்பும்.

குழப்பம் தீர ஒரு வழி இருக்கிறது. மின்னணுவியலில் டையோடு என்று ஒரு சின்னச் சாமான் உண்டு. மின்சாரத்தை ஒரு திசையில் விடும், எதிர்த்திசையில் விடாது. தீட்டை டையோடு என்று வைத்துக்கொண்டால் எல்லாக் கணக்கும் சரியாக வருகிறது. நம்மிடம் இருந்து உழைப்பும் விளைச்சலும் போகும் திசையில் தீட்டு கிடையாது. தண்ணீரும் இடமும் மரியாதையும் நம்மை நோக்கி வர வேண்டிய திசையில் தீட்டு உண்டு. இயற்கையில் இருக்கும் விதிகள் ஆளைப் பார்த்து இப்படித் திசை மாறுவதில்லை. டையோடு மனிதன் செய்தது. யாரோ உட்கார்ந்து, யோசித்து, தங்களுக்கு வேண்டிய திசையில் வைத்துச் செய்தது.

1927 மார்ச் 20 அன்று மகாத் நகரத்தின் சவுதார் குளத்தில் இறங்கி அம்பேத்கர் தண்ணீர் அள்ளிக் குடித்தார். குளத்தில் ஒரு அணுவும் கூடவில்லை. குடித்த அளவுக்குக் குறைந்துதான் இருக்கும். பிறகு சாதி இந்துக்கள் சாணமும் கோமியமும் பாலும் தயிரும் கலந்த 108 குடங்களைக் குளத்தில் ஊற்றிச் சுத்தம் செய்தார்கள். அதாவது எதுவும் சேராத தண்ணீரில் சாணத்தைச் சேர்த்தார்கள். வழக்கு பம்பாய் உயர் நீதிமன்றம் வரை போய் 1937இல்தான் முடிந்தது. சுத்தம் என்ற சொல்லுக்கும் சுத்தம் என்ற நிலைக்கும் உள்ள தூரத்தை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சோதனையை எந்த ஆய்வுக்கூடத்திலும் நான் பார்த்ததில்லை.

2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், பட்டியலின மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலந்திருந்தது தெரியவந்தது. அங்கே கலந்தது சந்தேகமே இல்லாமல் பருப்பொருள். நிறை உடையது, கிருமி உடையது, குழந்தைகளைப் படுக்கையில் தள்ளியது. இல்லாத அழுக்கைக் கழுவ ஒரு ஊரே 108 குடத்தோடு திரண்டது. இருக்கிற அழுக்கு நம் தொட்டியில் இருந்தபோது எத்தனை பேர் திரண்டார்கள் என்று நீங்கள் பார்த்தீர்கள்.

மனம் கொஞ்சம் கனத்துவிட்டது. மண்ணுக்கு வருவோம். கரிசலைப் பற்றிப் பேசாமல் கோவில்பட்டியில் பொருளைப் பற்றிப் பேச முடியாது.

நம் மண் ஏன் கோடையில் ஆள் கால் நுழையும் அளவுக்கு வெடிக்கிறது, ஐப்பசி மழையில் ஏன் செருப்பைப் பிடுங்கிக்கொள்கிறது? இதில் உள்ள களி, தாள் அடுக்கினாற்போல் மெல்லிய படலங்களால் ஆனது. மாண்ட்மோரில்லோனைட் என்பது அதில் முக்கியமான கனிமத்தின் பெயர். தண்ணீர் பட்டால் படலங்களுக்கு நடுவே நீர் புகுந்து விலக்கும், மண் உப்பும். காய்ந்தால் நீர் வெளியேறும், படலங்கள் நெருங்கும், மண் சுருங்கிப் பிளக்கும். நிறம் கருப்பு என்பதால் மக்கு நிறைய இருக்கும் என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். உண்மையில் கரிசலில் மக்குச் சத்து குறைவு. ஈரத்தைப் பிடித்துவைக்கும் குணம்தான் அதன் செல்வம். மழை நின்று வாரக்கணக்கான பிறகும் பருத்தியும் மல்லியும் அந்த ஈரத்தில் நிற்கும். 1901இலேயே வெள்ளைக்காரன் கோவில்பட்டியில் வேளாண் ஆராய்ச்சிப் பண்ணை வைத்தது இந்த மண்ணுக்காகத்தான். கருங்கண்ணிப் பருத்தி அங்கிருந்துதான் பெயர் எடுத்தது.

கரிசல் மண்ணுக்கு அறிவியலில் வெர்ட்டிசால் என்று பெயர். லத்தீனில் புரட்டு என்று பொருள்படும் சொல்லில் இருந்து வந்தது. கோடையில் மேல்மண் வெடிப்புக்குள் விழுகிறது. மழையில் கீழ்மண் உப்பி மேலே தள்ளப்படுகிறது. காலப்போக்கில் மேலே இருந்தது கீழும் கீழே இருந்தது மேலுமாக மண் தன்னைத் தானே உழுதுகொள்கிறது. மண்ணுக்கே இந்தப் பழக்கம் இருக்கிறது, அதன்மேல் குடியிருக்கும் சாதிக்குத்தான் இல்லை என்று சார் சொல்வார்.

ஒரு கணக்கு சொல்கிறேன். மாண்ட்மோரில்லோனைட் களி ஒரு கிராம் எடுத்து, அதன் எல்லாப் படலங்களையும் பிரித்து விரித்தால் 700, 800 சதுர மீட்டர் பரப்பு வரும். ஏறத்தாழ 18 சென்ட். ஒரு சிட்டிகை மண்ணுக்குள் 18 சென்ட் நிலம். காலனியில் அரசாங்கம் கொடுக்கும் மனைப்பட்டா இரண்டு, மூன்று சென்ட். என் தாத்தா ஆயுள் முழுக்கக் கரிசலில் உழுதார். அவர் நகக்கண்ணில் இருந்த மண்ணை விரித்தால் ஏக்கர் கணக்கில் வரும். அவர் பேரில் ஒரு சர்வே எண்கூட இருந்ததில்லை. 1891இல் செங்கல்பட்டுக் கலெக்டர் திரமென்ஹீர் கொடுத்த அறிக்கையின் பேரில் ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலங்களின் கதை உங்களுக்குத் தெரியும். முதல் பத்தாண்டு யாருக்கும் விற்கக் கூடாது, அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே விற்கலாம் என்று நிபந்தனை எழுதப்பட்ட நிலம். நிலம் எங்கேயும் நகர்ந்து போகவில்லை. நிபந்தனை எழுதிய காகிதத்துக்குத்தான் பொருள் இல்லாமல் போயிற்று.

காகிதத்தின் பொருள் எப்படிப் போகும் என்பதை 2016 நவம்பர் 8 இரவு நாடே பார்த்தது. 500 ரூபாய்த் தாளில் ஒரு இழையும் மாறவில்லை. விடிந்ததும் அது வேறு. பொருள் என்பது தாளில் இல்லை, தாளைப் பற்றிய ஒப்பந்தத்தில் இருக்கிறது என்பது அன்று எல்லாருக்கும் புரிந்தது. ஒப்பந்தத்தால் வந்தது ஒப்பந்தத்தால் போகும் என்பதைத் தீட்டு விஷயத்தில் மட்டும் ஏனோ நம்ப மாட்டார்கள். அது அனாதியாம்.

கரிசலில் வீடு கட்டுவது தனிப் பாடு. உப்பிச் சுருங்கும் மண் அஸ்திவாரத்தைத் தூக்கித் தூக்கிப் போடும். இதற்குத் தீர்வு இல்லாமல் இல்லை. ரூர்க்கியில் உள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம், அடியில் குடைபோல் விரியும் தூண் அஸ்திவாரத்தை இந்த மாதிரி மண்ணுக்காகவே உருவாக்கிப் பல காலம் ஆயிற்று. பணம் உள்ளவர்கள் களியைத் தோண்டி எடுத்துவிட்டுச் சரள் நிரப்புவார்கள். நான் பார்த்த காலனி வீடுகளில் இரண்டும் இல்லை. கட்டி முடித்த அடுத்த கோடையில் சன்னல் மூலையில் இருந்து சாய்வாக ஒரு கீறல் ஓடும். ஆள் கை புகும்வரை அதைச் சுண்ணாம்பால் அடைத்துக்கொண்டே இருப்போம். எங்கள் வீட்டுக் கீறலில்தான் அப்பா ரேஷன் கார்டைச் செருகி வைப்பார். அதை மண்ணின் குற்றம் என்று பொறியாளர்கள் எழுதுவார்கள்.

மண் பிழைக்கவிடாத ஆண்டுகளில் ஊர் தீப்பெட்டிக்குப் போனது. சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி. மழை குறைவான வறண்ட காற்று, குச்சியும் மருந்தும் காய்வதற்குத் தோது. வேறு வேலை இல்லாத கைகள் அதைவிடத் தோது. கல்கத்தா போய்த் தொழில் கற்றுவந்த இருவர் 1923இல் சிவகாசியில் தொடங்கினார்கள் என்பது வரலாறு.

ஒரு தீக்குச்சிக்குள் எத்தனை பொருள்! குச்சி, கேரளத்தில் இருந்து வரும் மென்மரம். நுனியில் மெழுகு தொட்டிருக்கும். மருந்தில் பொட்டாசியம் குளோரேட்டும் கந்தகமும் கண்ணாடித் தூளும் பசையும். பெட்டியின் பக்கவாட்டில் சிவப்பு பாஸ்பரஸ். உரசும்போது உண்டாகும் சூட்டில் துளியளவு சிவப்பு பாஸ்பரஸ் வெள்ளை பாஸ்பரசாக மாறிப் பற்றிக்கொள்கிறது. அந்தப் பொறி, குளோரேட்டில் இருக்கும் ஆக்சிஜனைப் பிடித்துக் கந்தகத்தை எரித்து, மெழுகுக்கும் மரத்துக்கும் தாவுகிறது. எல்லாம் கண்மூடித் திறப்பதற்குள்.

பாஸ்பரஸ் எங்கிருந்து கிடைத்தது தெரியுமா? 1669இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்தில் ஹென்னிங் பிராண்ட் என்பவர் தங்கம் கிடைக்கும் என்ற நம்பிக்கையில் மனித மூத்திரத்தைக் கூடைகூடையாக அல்ல, குடம்குடமாகச் சேர்த்துக் காய்ச்சினார். தங்கம் வரவில்லை. இருட்டில் தானே ஒளிரும் ஒரு மெழுகுபோன்ற பொருள் வந்தது. ஒளியைச் சுமப்பது என்று பெயர் வைத்தார்கள். நூறாண்டு கழித்து எலும்பிலும் அது இருப்பது தெரிந்தது. அதன் பிறகு நெடுங்காலம் பாஸ்பரஸ் எலும்புச் சாம்பலில் இருந்து எடுக்கப்பட்டது. இந்தியக் கிராமங்களில் செத்த மாட்டை இழுத்தவர்கள், எலும்பு பொறுக்கியவர்கள் யார் என்று நான் சொல்லத் தேவையில்லை. எந்தச் சாமி விளக்கையும் ஏற்றும் தீயின் வம்சாவளியில் மூத்திரமும் எலும்பும் இருக்கின்றன. பாஸ்பரஸ் இல்லாமல் நம் எலும்பும் இல்லை, மரபணுவும் இல்லை. மேலத்தெருவானாலும் கீழத்தெருவானாலும் வளர்ந்த ஒரு உடம்பில் ஏறத்தாழ 700 கிராம் இருக்கும்.

வெள்ளை பாஸ்பரசில் குச்சி செய்த காலத்தில் அந்தப் புகை தொழிலாளிகளின் தாடை எலும்பை அரித்தது. லண்டனில் 1888இல் தீக்குச்சித் தொழிற்சாலைப் பெண்கள் நடத்திய வேலைநிறுத்தம் உலகப் பேர்பெற்றது. இந்தியாவில் வெள்ளை பாஸ்பரஸ் தீக்குச்சியைத் தடைசெய்யும் சட்டம் 1913இல் வந்தது. நம் பக்கம் சிவப்பு பாஸ்பரஸ்தான். ஆனால் தாடைக்குப் பதில் பிள்ளைகளின் படிப்பு போயிற்று. விடிவதற்கு முன் ஊருக்குள் வந்து பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போன வண்டிகளை இங்கே பலர் பார்த்திருப்பீர்கள். சிலர் ஏறியிருப்பீர்கள். பூமணி அதைத்தான் 'கருவேலம்பூக்கள்' என்று படமாக எடுத்தார். சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது, நான் முதலில் சொன்னேனே, அந்தப் பையனுக்குக் கல்யாணமே ஆகிவிட்டது.

என் அம்மா வீட்டில் பெட்டி ஒட்டினாள். 144 பெட்டி ஒரு குரோஸ். எனக்கு வாய்ப்பாடு பள்ளிக்கூடத்தில் வரவில்லை, குரோஸ் கணக்கில் வந்தது. பசைக் கிண்ணத்தில் விரல் ஊறி ஊறி அம்மாவின் விரல்நுனி ரேகை தேய்ந்துவிட்டது. பின்னாளில் ரேஷன் கடையில் கைரேகை வைக்கும் மிஷின் வந்தபோது அது அம்மாவை ஏற்றுக்கொள்ளவில்லை. நாலு தடவை வைத்துப் பார்த்துவிட்டுக் கடைக்காரர், "ஒங்க விரல்ல ஒண்ணுமே இல்லையேம்மா" என்றார். பொருள் வாங்கப் போன இடத்தில், இருக்கிற ஆளை இல்லை என்றது மிஷின். பொருட்படுத்தாமை என்றால் என்னவென்று நான் விளங்கிக்கொண்ட இடம் அது.

ஒரு ரூபாய்த் தீப்பெட்டி 14 வருஷம் அதே விலையில் நின்று, 2021 டிசம்பர் 1ஆம் தேதி இரண்டு ரூபாய் ஆயிற்று. பேப்பரில் பெரிய செய்தியாக வந்தது. ஒட்டுகூலி என்னவாயிற்று என்று அந்தச் செய்திகளில் தேடினேன்.

நேரமாகிறது. டீக்கடைக்கு ஒரு எட்டுப் போய்விட்டு முடித்துக்கொள்கிறேன். சிரட்டை இருந்தது, பிறகு தனி டம்ளர் வந்தது, போராட்டங்கள் வந்தன, வழக்குகள் வந்தன. இப்போது பேப்பர் கப். இரட்டை டம்ளர் ஒழிந்தது என்று அறிக்கை எழுதுகிறார்கள். பனிக்கட்டி தண்ணீராகி ஆவியாவதை நாங்கள் நிலைமாற்றம் என்று நடத்துவோம். நிலை மாறும், பொருள் மாறாது. சில மாதங்களுக்கு முன் ஒரு ஊரில், பெயர் வேண்டாம், கடையில் எனக்கு முன்னால் நின்றவருக்குக் கண்ணாடி டம்ளரில் டீ வந்தது. கடைக்காரர் என்னை எந்தத் தெருவுக்கு வந்திருக்கிறேன் என்று கேட்டார். சொன்னேன். பேப்பர் கப்பை எடுத்தார். "எனக்கும் கிளாஸ்லயே குடுங்கண்ணாச்சி" என்றேன். "பார்சல்னு நெனச்சேன் சார்" என்றார். கிளாஸில் ஊற்றித் தந்தார். டீ நன்றாகத்தான் இருந்தது. கிளாஸை நான் வைத்த பிறகு அதைக் கழுவும் வாளியில் போட்டாரா, வேறெங்கே வைத்தார் என்று திரும்பிப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பஸ் ஸ்டாப்வரை நடந்தேன். பார்க்கவில்லை. அந்தப் பையன் கேட்டதற்கு என்னிடம் இப்போது ஒரு பதில் இருக்கிறது. தீட்டுக்கு நிறை கிடையாது. ஆனால் பஸ் ஸ்டாப்வரை நான் எதையோ சுமந்துகொண்டு போனேன். அதை எந்தத் தராசில் நிறுப்பது என்று இந்த மன்றத்து எழுத்தாளர்கள்தான் சொல்ல வேண்டும். அது என் பாடம் இல்லை.

பறைக்குத் திரும்பி வருவேன் என்று சொன்னேன். தோலில் உள்ள நார்களுக்கு இடையே ஈரம் புகுந்தால் தோல் தளரும், ஓசை மந்தமாகும். தீயில் காட்டினால் ஈரம் வெளியேறும், நார்கள் சுருங்கி இறுகும். இறுக்கம் நான்கு மடங்கானால் ஓசை இரண்டு மடங்கு உச்சத்துக்கு ஏறும். கரிசல் மண் வெடிப்பதும் பறை முழங்குவதும் ஈரம் வெளியேறுகிற ஒரே வேலைதான். செத்த மாட்டின் தோல் என்று தள்ளிவைத்ததைத் தொல்காப்பியம் நிலத்தின் கருப்பொருளில் வைத்தது என்று நினைவூட்டத்தான் முதலிலேயே சொல்லிவைத்தேன்.

வெளியே நம் பறையாட்டக் குழுத் தோழர்கள் ஓலையைக் கொளுத்திவிட்டார்கள், புகை உள்ளே வருகிறது. மத்தியானம் பெய்த மழையில் தோல் நன்றாக ஈரம் குடித்திருக்கும். காய இன்னும் பத்து நிமிஷம் ஆகும். கேள்வி இருந்தால் அதுவரை கேட்கலாம். பின்வரிசையில் இருக்கும் பிள்ளைகள் முதலில் கேட்கட்டும்.